படத்தின் பின்புறத்திலிருந்து தரவுத்தளத்திற்கு: ஒளிப்படச் சேகர மென்பொருள்களின் வரலாறும் தமிழ்க் குறிப்புகளின் நிலையும்

ஒளிப்படம் ஒன்று வரலாற்றுச் சான்றாவது அதிலுள்ள உருவத்தினால் மட்டும் அன்று. அவ்வுருவத்தோடு சேர்ந்து வரும் குறிப்பினாலும் ஆகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்ட பழைய திருமணப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் நிலையத்தின் முத்திரை தென்படும். அதன் கீழே பேனா மையில் ஊரும் ஆண்டும், 'சின்னம்மாவின் கலியாணம்' என்பது போன்ற ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி இல்லையேல் இரண்டு தலைமுறைக்குள் அது யாரோ ஒரு மணமகனும் மணமகளும் நிற்கும் படமாகிவிடும். உடையையும் நகையையும் பற்றி ஆராய உதவுமேயன்றி ஒரு குடும்பத்தையோ ஊரையோ பற்றி ஒன்றும் சொல்லாது.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் இன்றும் பேசப்படுகின்றன. வீடுகளில் அழிந்த ஆல்பங்களுக்குக் கணக்கு எதுவும் இல்லை. அவற்றுக்கு என்றுமே பட்டியல் இருந்ததில்லை. இடம்பெயர்வுகளுக்குப் பின்னர் எஞ்சியவற்றுள், கடிதத்தோடு இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் முன்னரே அனுப்பப்பட்ட பிரதிகளும் அடங்கும். கடந்த இருபது ஆண்டுகளாகப் புலம்பெயர் குடும்பங்கள் இவற்றை வருடி மூலம் எண்ணிமப்படுத்தி வருகின்றன. வருடப்படுவது பெரும்பாலும் படத்தின் முன்புறம் மட்டுமே. பின்புறத்து வரி எங்கே போகின்றது என்ற கேள்வி, எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்ற கேள்வியோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது. இவ்வகை மென்பொருள்களின் வரலாற்றை அக்கேள்வியின் வழியே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

குறிப்பு கோப்புக்குள் புகுந்த வரலாறு

கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975 இல் அமைத்த முதல் எண்ணிம ஒளிப்படக்கருவி, 0.01 மெகாபிக்சல் அளவுள்ள ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. படத்தோடு வேறு தகவல்களையும் ஒரே கோப்பில் பதிய வேண்டும் என்ற எண்ணம் வணிகச் சந்தை உருவான பின்னரே வலுப்பெற்றது. ஜப்பானிய மின்னணுத் தொழில் மேம்பாட்டுச் சங்கம் 1995 இல் எக்சிஃப் என்னும் நியமத்தை வெளியிட்டது. நாள், நேரம், வில்லையின் திறப்பு, ஒளிபடு நேரம் முதலியவற்றைக் கருவி தானாகவே கோப்பினுள் எழுத இது வழிசெய்தது. சுருங்கச் சொன்னால், எக்சிஃப் என்பது கருவி அறிந்தவற்றின் பதிவு.

மனிதர் அறிந்தவற்றின் பதிவு வேறொரு துறையிலிருந்து வந்தது. 1965 இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம் செய்தி நிறுவனங்களின் தேவைக்காக உருவாக்கப்பட்டது. செய்திப் படத்தோடு தலைப்பு, விளக்கம், படம் எடுத்தவர், இடம் ஆகியவை பிரியாமல் செல்ல வேண்டும் என்பதே அதன் கவலை. 1990களின் முற்பகுதியில் அம்மன்றம் வகுத்த புலங்களை அடோபியின் போட்டோஷாப் ஏற்றுக்கொண்டதும், பத்திரிகை அலுவலகத்தின் வழக்கம் வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. ஐபிடிசி என்ற எழுத்துகளால் இப்புலங்கள் இன்றும் அறியப்படுகின்றன. 2001 இல் அடோபி நிறுவனம் எக்ஸ்எம்பி என்னும் புதிய வடிவத்தை வெளியிட்டது. 2012 இல் அது ஐஎஸ்ஓ நியமமாயிற்று.

வருடப்பட்ட பழைய படங்களுக்கு இந்த இரு மரபுகளின் வேறுபாடு மிக முக்கியமானது. 1962 இல் எடுக்கப்பட்ட படத்தை 2009 இல் வருடினால், அதன் கோப்பில் பதிவாகும் நாள் 2009 ஆம் ஆண்டுக்குரியது. நாள்வரிசையில் படங்களை அடுக்கும் மென்பொருள் எதுவும் அந்தத் திருமணத்தை 2009 இன் கோடை விடுமுறைப் படங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கும். இதனைத் திருத்த முனைவோர் மற்றுமோர் இடரைச் சந்திப்பர். எக்சிஃபின் நாட்புலம் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என முழுமையான ஒன்றை எதிர்பார்க்கின்றது. 'ஏறத்தாழ 1960' என்பதற்கு அங்கு இடமில்லை. ஆகவே பலரும் அவ்வாண்டின் சனவரி முதலாம் நாளை இட்டுவிடுகின்றனர். பின்னர் வரும் ஆய்வாளருக்கு அது ஊகமா உண்மையா என்று தெரிய வழியில்லை. எக்ஸ்எம்பி வடிவம் ஆண்டை மட்டும் எழுதவும் இடமளிக்கின்றது. ஆனால் எல்லா மென்பொருள்களும் அந்த வசதியைப் பயனருக்குக் காட்டுவதில்லை. வரலாற்று நோக்கில் இது சிறு குறை அன்று. விளக்கப் புலத்தில் 'ஆண்டு ஊகம்' என்று ஒரு சொல் சேர்ப்பது இன்றுள்ள எளிய பரிகாரம்.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தவை

மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் மென்பொருளின் வேகம், விலை, தோற்றம் ஆகியவற்றை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. தமிழில் குறிப்பு எழுதுவோருக்கு வேறொரு கேள்வி முன்னே நிற்கின்றது: எழுதிய எழுத்து எழுதியபடியே திரும்பி வருமா?

எக்சிஃபின் விளக்கப் புலம் ஆங்கில எழுத்துகளுக்கான அஸ்கி குறியீட்டை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்பட்டது. ஐபிடிசியின் பழைய வடிவத்தில் எந்த எழுத்துக் குறியீடு பயன்பட்டது என்று அறிவிக்க ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் பல மென்பொருள்கள் அதை எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை. இதே காலத்தில் தமிழின் குறியீடும் நிலைபெறாதிருந்தது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றுவிட்ட போதிலும் வீட்டுக் கணினிகளில் அது உடனே புழக்கத்துக்கு வரவில்லை. 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் குறியீட்டுத் தரப்பாடே முதன்மையான விவாதப் பொருளாயிருந்தது. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. இணையக் குழுக்களிடையே திஸ்கி பரவியது. ஈழத்தவரிடையேயும் அவர்கள் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி எழுத்துரு வேரூன்றியிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தோடு ஒருங்குறித் தமிழும், 2005 இல் வெளியான ஆப்பிளின் டைகர் பதிப்போடு முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் வந்து சேர்ந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

ஆகவே 2000 ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட குறிப்புகள் பல பாமினியில் உள்ளன. பாமினியில் 'அம்மா' என்று தட்டெழுதப்பட்ட சொல் கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே பதிவாகும். அந்த எழுத்துரு இல்லாத திரையில் பேரப்பிள்ளைகள் காண்பது பொருளற்ற எழுத்துக் குவியல். ஆனால் இங்கே எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. பாமினியின் குறிகள் பெரும்பாலும் அஸ்கி எல்லைக்குள் அடங்குவதால், தமிழை அறியாத மென்பொருள்கள் அவற்றைச் சிதைக்காமல் கடத்திவந்தன. ஒருங்குறிக்கு மாற்றும் செயலியால் அவற்றை இன்றும் மீட்கலாம். மாறாக, முன்னோடியாக ஒருங்குறியில் எழுதியவர்களின் குறிப்புகள் அத்தகைய மென்பொருளின் கையில் பட்டபோது எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக மாறின. கேள்விக்குறிகளிலிருந்து எதையும் மீட்க முடியாது. நியமத்தை முதலில் பின்பற்றியவரே அதிகம் இழந்தார் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. எக்ஸ்எம்பி தொடக்கம் முதலே ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டமையால் இந்த இடர் அங்கு எழவில்லை.

கோப்பின் பெயரையே குறிப்பாகக் கொள்வோரும் உளர். 'கோயில் திருவிழா' என்று கோப்புக்குப் பெயரிடுவதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். ஒருங்குறியில் 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. பிற கணினிகள் தட்டெழுதிய வடிவை அப்படியே வைத்திருந்தன. இதனால் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்த சேகரத்தில் 'கோயில்' என்று தேடினால், கண்முன்னே அப்பெயர் தெரியும்போதே எதுவும் அகப்படாமல் போகக்கூடும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது பொருந்தும். கோப்புக்கு எண்ணால் பெயரிட்டு, தமிழை உள்ளே உரிய புலத்தில் எழுதுவதே பாதுகாப்பானது.

மென்பொருள்களின் எழுச்சியும் மறைவும்

2002 ஆம் ஆண்டு ஆப்பிளின் ஐஃபோட்டோவும் பிக்காசாவும் வெளிவந்தன. ஐஃபோட்டோ பயனர் இட்ட தலைப்புகளையும் திறவுச்சொற்களையும் தன் நூலகக் கோப்பகத்தினுள் தனியாக வைத்துக்கொண்டது, மூலப்படத்தில் எழுதவில்லை. பிக்காசாவின் போக்கு வேறு. 2004 இல் கூகிள் அதனை வாங்கி இலவசமாக வழங்கியதால் அது உலகெங்கும் வீட்டு ஆல்பமாயிற்று. படத்தின் கீழே எழுதும் விளக்கத்தைப் பிக்காசா ஜேபெக் கோப்பினுள்ளேயே ஐபிடிசி புலத்தில் எழுதியது. முகங்களுக்கு இட்ட பெயர்களையோ, 2009 இல் முகமறி வசதி வந்தபோது, படத்துக்கு வெளியே கோப்புறையில் மறைந்திருந்த ஒரு சிறு கோப்பிலும் கணினியின் தரவுத்தளத்திலும் வைத்தது. பெயரைப் படத்தினுள்ளே எழுதும் தெரிவு பிந்தைய பதிப்பொன்றிலேயே வந்தது. 2016 இல் கூகிள் பிக்காசாவைக் கைவிட்டது. படங்களை மட்டும் புதிய வட்டுக்கு நகலெடுத்த குடும்பங்களில் விளக்கங்கள் பிழைத்தன. முகங்களின் பெயர்கள் பிழைக்கவில்லை. ஒரே மென்பொருளில், ஒரே மாலைப்பொழுதில், ஒரே மூதாட்டி சொல்லச்சொல்ல எழுதப்பட்ட இரு தகவல்களுக்கு இருவேறு கதி நேர்ந்தது. எது எங்கே எழுதப்படுகின்றது என்பது திரையில் தெரியாதிருந்ததே காரணம்.

தொழில்முறையாளருக்கான மென்பொருள்களும் நிலையாக இருக்கவில்லை. 2005 இல் வந்த ஆப்பிளின் அப்பெர்ச்சர் நிறுத்தப்படும் என்று 2014 இல் அறிவிக்கப்பட்டது. ஐவியூ மீடியாபுரோ 2006 இல் மைக்ரோசொப்டிடமும் 2010 இல் ஃபேஸ் ஒன் நிறுவனத்திடமும் கைமாறி 2018 இல் முடிவுற்றது. 2007 இல் வெளியான அடோபி லைட்ரூம் இன்றும் வாழ்கின்றது. 2017 முதல் அது சந்தா முறைக்கு மாறியது. அதன் பட்டியல் எஸ்கியூலைட் தரவுத்தளம். குறிப்புகள் முதலில் அத்தரவுத்தளத்தில் சேர்கின்றன. அவற்றைத் தானாகவே கோப்பிலும் எழுதும் தெரிவு இயல்புநிலையில் அணைக்கப்பட்டுள்ளது. அதை இயக்கிவிட்ட பயனரின் சேகரமும் இயக்காதவரின் சேகரமும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். வேறொரு கணினிக்குப் போகும் நாளில்தான் வேறுபாடு வெளிப்படும்.

மேகச் சேவைகளின் கதையை விரிக்க வேண்டியதில்லை. 2004 இல் தொடங்கிய பிளிக்கர், 2013 இல் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அறிவித்தது. 2018 இல் உரிமையாளர் மாறிய பின் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்ற வரம்பு வந்தது. 2015 இல் தொடங்கிய கூகிள் போட்டோசின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 சூன் முதலாம் நாளோடு முடிந்தது. இடத்தைவிடக் குறிப்பே இங்கும் பெரிய சிக்கல். கூகிள் போட்டோசில் எழுதும் விளக்கம் படக்கோப்பினுள் செல்வதில்லை. சேகரத்தை முழுவதுமாகத் தரவிறக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் தனியான உரைக்கோப்பாக அது வந்து சேர்கின்றது. குடும்பங்களிடையே படங்கள் பரவும் வழியான வட்சப், படத்தைச் சுருக்கி அனுப்பும்போது உள்ளிருக்கும் குறிப்புகளை அகற்றிவிடுகின்றது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மட்டுமே அவை தப்பும்.

2001 இல் தொடங்கப்பட்ட டிஜிகாம் கட்டற்ற மென்பொருள்; லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிள் கணினிகள் மூன்றிலும் இயங்குவது. குறிப்புகளைக் கோப்பினுள் எழுத வேண்டுமா என்று முதன்முறை இயக்கும்போதே அது பயனரைக் கேட்கின்றது. இந்த ஒரு கேள்விக்காகவே அதனைப் பரிந்துரைக்கலாம், அதன் பட்டியல்கள் நீளமானவை, முதியவர்களுக்கு இலகுவானவை அல்ல என்றபோதிலும். இதனோடு 2003 முதல் வெளிவரும் எக்சிஃப்டூல் என்னும் சிறு கருவியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அழகிய முகப்பு இல்லை. ஆனால் கோப்பினுள் உண்மையில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அது காட்டும். ஆயிரம் படங்களின் குறிப்புகளையும் ஓர் அட்டவணையாக எடுத்துத் தரும்.

பெயரும் உறவும்

எந்த மென்பொருளும் தமிழ்ப் பெயரின் இயல்பை எண்ணி வடிவமைக்கப்பட்டதன்று. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட ஒருவர், கனடாவிலோ பிரான்சிலோ குடியேறியதும் அதே தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கடவுச்சீட்டில் பெறுகின்றார். அவருடைய பிள்ளைகளுக்கும் அதுவே தொடரலாம். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்கும் புலங்களில் ஒரே மனிதர் இருவராகிவிடுகின்றார். 2008 இல் ஐபிடிசி விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்ட 'படத்திலுள்ளவர்' என்னும் புலம் பெயரைப் பிரிக்காமல் ஒரே தொடராக ஏற்பதால் தமிழுக்குப் பொருந்துகின்றது. உறவுச்சொல் இன்னும் நுட்பமானது. 'பெரியப்பா' என்ற குறிச்சொல் எழுதியவருக்குப் பொருளுடையது. அவருடைய மகளுக்கு அதே மனிதர் பாட்டா. யாருடைய பெரியப்பா என்பது எழுதப்படாத சேகரங்களில் ஒரு தலைமுறை கழிந்ததும் உறவு வலை முழுவதும் குலைந்துவிடுகின்றது. பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றையும் எழுதி, உறவை அதன்பின் சேர்ப்பதே தகும்.

கோப்பினுள் எழுதுக என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கும் வேண்டும். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் படங்களில் சிலரின் முகத்தை வெட்டியெடுத்த குடும்பங்கள் உண்டு. வேண்டுமென்றே பெயர் எழுதாது விட்டவர்களும் உண்டு. கோப்பினுள் எழுதப்பட்ட பெயர் கோப்பு போகுமிடமெல்லாம் போகும். ஊரில் இன்னும் வாழ்பவரின் பெயரையும், கைப்பேசி பதியும் இட ஆயங்களையும் ஒரே படத்தில் சேர்த்து அனுப்புவதன் விளைவை அனுப்புபவர் அறியமாட்டார். அத்தகைய படங்களுக்கு, வீட்டுக் கணினியை விட்டு வெளியேறாத தரவுத்தளமே ஏற்றது. பிறருக்குக் கொடுக்கும் பிரதி பெயரின்றி இருக்கலாம். முன்னே குறையாகச் சொல்லப்பட்டதே இங்கு காப்பாகின்றது. மென்பொருள் இரண்டையும் செய்ய வல்லதா, எப்போது எதைச் செய்கின்றது என்று வெளிப்படையாகச் சொல்கின்றதா என்பதே ஆராய வேண்டியது.

இவ்வினாக்கள் வீட்டோடு முடிவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் நில்லாது பல்லூடக ஆவணங்களையும் திரட்டி வருகின்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கோயிற் படத் தொகுப்பு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டது. தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களின் பழைய படங்களைக் காக்கும் பணி ஒன்று பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவில் நடைபெற்றது. நிறுவனங்கள் தமக்குரிய ஆவணக மென்பொருள்களைக் கொண்டுள்ளன. எனினும் நாளை அவற்றிடம் ஒப்படைக்கப்படப்போவன இன்று ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு மென்பொருளில் குறிப்பெழுதப்படும் படங்களே. அவ்வீட்டின் சந்தாவும் கடவுச்சொல்லும் நிறுவனத்தின் வாயிலோடு நின்றுவிடும். கோப்பினுள் எழுதப்பட்டதும், அதனோடு கொடுக்கப்பட்ட அட்டவணையும் மட்டுமே உள்ளே வரும்.

ஆதலால் தெரிவுக்கு முன் ஒரு மாலை நேரச் சோதனை போதும். பத்துப் படங்களை எடுத்து, ஒகரமும் ஓகாரமும் வரும் ஊர்ப்பெயர்களாகப் பார்த்து (கோப்பாய், கொடிகாமம், தொண்டைமானாறு) விளக்கம் எழுதுக. ஓர் ஆளின் பெயரையும், ஆண்டை மட்டும் கொண்ட ஒரு நாளையும் சேர்க்க. பின்னர் அப்பத்துக் கோப்புகளை மட்டும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, வேறொரு மென்பொருளிலும் எக்சிஃப்டூலிலும் திறந்து பார்க்க. எழுதியவை எழுதியபடி அங்கே இருந்தால் அம்மென்பொருள் ஏற்கத்தக்கது. விலையும் தோற்றமும் அதன் பின்னர் எண்ணத்தக்கவை.

இச்சோதனை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணி ஒன்றும் உண்டு. வருடியில் வைத்த படத்தை எடுத்துவிடுமுன் அதனைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தையும் ஒருமுறை வருடி, அதே எண்ணோடு 'பின்' என்னும் ஒட்டைச் சேர்த்துச் சேமித்தால், முத்திரையும் கையெழுத்தும் எந்த எழுத்துருவையும் எந்தக் குறியீட்டையும் நம்பியிராமல் படமாகவே எஞ்சும்.